செத்தவீட்டுக் கசெட்

முதலில் கேட்டது மலரின் குரல். ஜெனரேட்டரின் கடகடப்பைப் பிய்த்துக்கொண்டு, தகரக் கொட்டிலுக்குள்ளிருந்து, "என்ர அம்மா, என்னைப் பெத்த அம்மா, என்னை ஆரிட்டைக் குடுத்திட்டுப் போறாய்" என்று அது வெடித்து வெளியே வந்தது. வீடியோக்காரர் குலவீரசிங்கம் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். மலர் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தாள், வேப்பமர நிழலில், நிலத்தில், வாயை இறுக மூடிக்கொண்டு. முன்னால் விரித்த பேப்பரில் உளுந்து. பையைச் சோதித்த ஆமிக்காரன் கம்பியால் குத்தியதில் கடதாசிச் சரை கிழிந்து உளுந்து முழுக்க மணலில் கொட்டுண்டு போயிருந்தது. அதை அள்ளி வைத்துக் கல்லும் மண்ணும் பொறுக்கிக்கொண்டிருந்தவள், தன் குரல் தனக்கே கேட்டதும் கையை அப்படியே நிறுத்திவிட்டாள். உள்ளே அழுகிற மலர், வெளியே அழாத மலர், நடுவில் ஒரு தகரச் சுவர். கசெட்டைப் போட்டுவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய ஏலாது. அந்த ஆமிக் காம்ப் வாசலில் அப்படியொரு சட்டம் வைத்திருந்தார்கள். வீடியோக் கசெட் வெளியே கொண்டுபோகிறவர் அதை எடுத்த ஆளையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும். கசெட்டை உள்ளே போட்டுப் பார்ப்பார்கள், சரியென்றால் பாஸில் ஒரு சீல். மலருக்குக் கொழும்புக்குப் பாஸ் இருந்தது. கொழும்பிலிருந்து கசெட் கனடாவுக்குப் போகும், அவளுடைய தமையன் கருணாகரனுக்கு, தாய் பூமணியின் செத்தவீடு பார்க்க. அப்படித்தான் வாசலில் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை. பூமணியின் செத்தவீடுதான். ஆனால் செத்தவீடு பாதியில் நிற்கும்போது ஆமி ஊருக்குள் இறங்கியது, குலவீரசிங்கத்தின் கமரா நிற்கவில்லை. கசெட்டின் கடைசியில் கவச வாகனம் வருகிறது, ஒழுங்கைக்குள் ஆமி வருகிறது, வேலியோரம் வரிசையாக நிற்பாட்டிய ஆம்பிளைகள் வருகிறார்கள், அவர்களில் மலரின் புருஷன் கேதீஸ்வரன் வருகிறான். அப்படி ஒருவரையும் தாங்கள் பிடிக்கவில்லை என்று இதே வாசலில் மலரிடம் எத்தனை தரம் சொல்லிவிட்டார்கள். பிடித்தார்கள் என்று காட்ட மிஞ்சியிருக்கிற ஒரே சாட்சி இப்போது அவர்களுடைய பெட்டிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தப் பெட்டி எந்த வீட்டுப் பெட்டி? எந்த வீட்டு விறாந்தையில், எந்தப் பெட்டை பூவேலை செய்த துணியால் மூடி வைத்திருந்த டிவி அது? கொட்டிலுக்குள் இருக்கிற சாமான் எல்லாம் இதே ஊரில் அள்ளினதுதான். கசெட் போடுகிற டெக் கூட ஊர்ச் சொத்துத்தான். தன்னுடைய பழைய டெக்காய் இருந்தாலும் ஆச்சரியமில்லை, கடையை உடைத்த அன்றைக்குப் போனதில் அதுவும் ஒன்று. அவருடைய டெக் என்றால் கசெட்டை விழுங்கும்போது ஒரு விக்கல் விக்கும், பிறகுதான் சுற்றத் தொடங்கும். இவ்வளவு தூரத்திலிருந்து விக்கல் கேட்குமா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழும்பி உள்ளே போய், தம்பிமாரே, அதின்ர தலையை ஒருக்கால் துடைச்சுப்போட்டுப் போடுங்கோ, இல்லாட்டி நாடா சிக்கும் என்று சொல்லியிருப்பாரோ என்னவோ. சொல்லியிருப்பார். அப்படிப்பட்ட விசர்த் தொழில் இது. கழுத்தில் கயிறு விழுகிற நேரத்திலும் படம் வடிவாய்த் தெரியுதோ என்றுதான் மனம் கிடந்து அடிக்கும். கசெட்டை அவர்கள் பிடித்துவிட்டால் அவருக்கு என்ன நடக்கும் என்பதில் சந்தேகமில்லை, அதை அவர் நினைத்து நினைத்துத் தேய்த்துவிட்டார், இப்போது அந்த இடத்தில் உணர்ச்சி குறைவு. மலருக்கு என்ன நடக்கும் என்பதுதான் தேயவில்லை. அதைத் தொடப்போனால் மனம் சூடுபட்ட விரல்போல் சுருக்கென்று திரும்பி வந்தது.

உள்ளே இப்போது வேறு குரல். பூமணியின் சின்னத் தங்கச்சிக்காரி. அதற்குப் பிறகு ஒன்றுவிட்ட மச்சாள், அதற்குப் பிறகு பள்ளிக்கூட வாத்தியார்மார் வந்து கைகட்டி நிற்கிற மௌனம், நடுவில் ஒரு இருமல். தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து ஒன்றும் தெரியாவிட்டாலும் அவருக்கு ஒவ்வொரு முகமும் தெரிந்தது. வந்த ஆக்கள். செத்தவீட்டு வீடியோவில் அதுதான் முக்கியம். பிரேதத்தைக் கூடக் கொஞ்சம் குறைத்து எடுக்கலாம், ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். வந்த ஆக்களில் ஒருவரை விட்டால் தொலைந்தது. வெளிநாட்டில் இருந்து பார்க்கிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள், ஆர் வந்தது, ஆர் வராதது, ஆர் அழுதது, ஆர் அழுவதுபோல் சேலைத் தலைப்பைக் கடித்தது. "குலம் அண்ணை, பெரியப்பான்ர குடும்பத்தை நீங்கள் வடிவா எடுக்கேல்லை, பெரியம்மான்ர பாதி முகம்தான் விழுந்திருக்கு" என்று நோர்வேயிலிருந்து காசு கொடுத்துத் தொலைபேசி எடுத்து ஏசியவர்கள் இருக்கிறார்கள். அதனால் அவர் பழகிவிட்டார். பிரேதப் பெட்டியைச் சுற்றி ஒவ்வொரு குடும்பமாய் நிற்பாட்டி, முகம் முகமாய், ஒரு முகத்தில் மூச்சு விடுகிற அளவு நேரம் நின்று, அடுத்த முகத்துக்கு நகர்ந்து. குனிந்து அழுகிறவர்களிடம் மெல்லச் சொல்வார், இஞ்சாலை ஒருக்கால் பாருங்கோ. அவர்கள் அழுதுகொண்டே நிமிர்ந்து பார்ப்பார்கள். கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு, எல்லா இடத்திலும் அந்த ஒரே வசனம். ஒருகாலத்தில் சினிமாப் படம் எடுக்கத்தான் இந்தக் கமராவை வாங்கினார். ஊர்ப் பெடியளை வைத்து ஒன்று எடுத்தும் விட்டார், பிள்ளையைத் தேடிப் போகிற ஒரு தகப்பனின் கதை, ஒருவரிடமும் படிக்காமல் புத்தகமும் பார்க்காமல் பிழைவிட்டுப் பிழைவிட்டே பிடித்த படம். யாரும் பார்க்கவில்லை. பார்க்க இருந்த ஊரே இரண்டு தரம் இடம்பெயர்ந்துவிட்டது. வாழ்க்கையில் அவர் எடுத்த படங்களில் கொட்டாவி விடாமல் கடைசி வரைக்கும் பார்க்கப்பட்டவை செத்தவீடுகள்தான்.

"என்னவாம், உள்ளுக்குப் படம் ஓடுதோ?" வரிசையில் நின்ற ஒரு கிழவர் கேட்டார். காலடியில் கட்டிய சேவல் ஒன்று. "டிக்கட் என்ன விலையாம்?"

"செத்தவீடு அம்மான்," என்றாள் மலர் நிமிராமல். "டிக்கட் இல்லை. சும்மா போய்ப் பாருங்கோ. அழத் தெரிஞ்சா உள்ளுக்கு விடுவாங்கள்."

"எனக்கேன் பிள்ளை. எங்கட வளவிலேயே ஒரு நாளைக்கு ஒண்டு ஓடுது." கிழவர் சேவலைக் காலால் ஒதுக்கிவிட்டார். "உவங்களுக்கு விளங்குதாமோ, அழுகிறது?"

"விளங்காட்டி ஏன் போட்டுப் பாக்கிறாங்கள்."

அவள் பதில் சொன்ன விதம் குலவீரசிங்கத்துக்குப் பயமாயிருந்தது. கத்தியால் வெங்காயம் நறுக்குவதுபோல், கை நடுங்காமல். இவளை எதற்குள் கொண்டுவந்து விட்டிருக்கிறேன். கொண்டுவந்து விட்டேனா, அவளாகத்தானே வந்தாள். "அண்ணை, அவரின்ர முகம் அதிலை கிடக்கு எண்டு சொன்னனீங்கள். கிடக்கோ இல்லையோ?" என்று ஒரே கேள்வி. கிடக்கு என்றார். "அப்ப நான் கொண்டுபோறன். கொழும்பிலையிருந்து அண்ணாவுக்கு ஃபோன் எடுத்து ஆரிட்டைக் குடுக்கவேணும் எண்டு சொல்லுறன்." அவள் கசெட்டைப் பார்க்கவில்லை. பார்க்கக் கரண்டும் இல்லை, மண்ணெண்ணெய் ஊற்றி ஜெனரேட்டர் போட்டால் சத்தம் ரோட்டுக்குக் கேட்கும். அதுதான் காரணம் என்று அவர் அவளுக்குச் சொன்னார். காரணம் அது மட்டுமா? படத்தில் கேதீஸ்வரனின் முகம் இருக்கிறது என்று சொன்ன வாய், அந்த முகம் ஏன் அவ்வளவு நேராக, அவ்வளவு தெளிவாகக் கமராவைப் பார்க்கிறது என்று சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த ஒவ்வொரு தரமும் அவள் வேறு எதையாவது கேட்டாள். இல்லை, அவள் ஒன்றும் கேட்கவில்லை, அவராகத்தான் வேறு எதையாவது சொன்னார். பஸ் எத்தனை மணிக்காம். பாஸை மடிக்காமல் வைச்சிரு பிள்ளை. உளுந்தை ஏன் கொண்டுபோறாய், கொழும்பில் இல்லாத உளுந்தா. பேய்க்கதை.

உள்ளே சத்தம் நின்றது. அழுகை சட்டென்று அறுந்து, ஜெனரேட்டர் மட்டும். நிற்பாட்டிவிட்டானா? இல்லை. ஓட்டுகிறான். வேகமாய் ஓட்டினால் சத்தம் வராது, முகங்கள் மட்டும் கோடு கோடாய்ப் பறக்கும், அழுகிறவர்கள் எறும்புபோல் ஓடிவந்து பெட்டியைத் தொட்டுவிட்டு ஓடிப்போவார்கள். எவ்வளவு தூரம் ஓட்டுவான்? சத்தம் இருந்தவரைக்கும் அவருக்கு இடம் தெரிந்தது, இப்போது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல். மிஞ்சிய டெக்கையும் கமராவையும் கார் பற்றரியில் கொளுவி, கசெட்டைக் கடையின் பின்னறையில் இருந்து ஒழுங்குபண்ணும்போது இதை யோசித்துத்தான் வந்த ஆக்களை முன்னுக்குக் கொண்டுவந்தார். அதுவும் காணாது என்று அவர்களையே இன்னொரு தரம் போட்டார். ஒரே மச்சாள் இரண்டு தரம் வந்து இரண்டு தரம் மயங்கி விழுகிறாள். கனடாக்காரன் பார்த்தால் அண்ணை உமக்கென்ன விசரோ என்று கேட்பான். கேட்கட்டும். ஊரில் இருந்த நாங்கள் இரண்டு தரம் அழுதோம் என்று நினைக்கட்டும், பொய்யா அது? ஆனால் இந்த வேகத்தில் ஓட்டினால் எத்தனை மச்சாள்தான் தாங்குவாள். வெளியே யாரோ ஒரு ஆமிக்காரன் பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணீர் கொண்டு கொட்டிலுக்குள் போனான். தேத்தண்ணீர். செத்தவீடு பார்த்துக்கொண்டு தேத்தண்ணீர். எங்கட வீட்டில் பிரேதம் கிடந்தால் அடுப்பு மூட்டமாட்டோமடா, அயலுக்குள் இருந்துதான் தேத்தண்ணீர் வரும். நாய்ப்பிறப்புகள், வெறும் பெடியள், மீசை அரும்பாத பெடியள், ஆர் பெத்த பிள்ளைகளோ, உவங்கட தாய் செத்தால் உவங்களுக்கும் ஒருவன் படம் எடுத்து அனுப்புவான், அப்போது எவன் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு அதைப் பார்ப்பான்?

பிறகு மறுபடியும் சத்தம் வந்தது. டும். டும். டும். குலவீரசிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். உலக்கை. பிரேதச் சடங்குக்குச் சுண்ணம் இடிக்கிறார்கள். அவ்வளவு தூரம் ஓட்டிவிட்டான். இதற்குப் பிறகு நீட்ட ஒன்றும் இல்லை, இந்த உலக்கைச் சத்தத்துக்கு உள்ளேயேதான் ஷெல் இருக்கிறது. அன்றைக்கும் ஒருவருக்கும் தெரியவில்லை. பெண்கள் முற்றத்தில் உலக்கை போட்டுக்கொண்டிருக்க, தூரத்தில் அதே டும், ஒரு அரைத் தாளம் பிந்தி. இடித்தவளே ஒரு கணம் உரலைப் பார்த்தாள். பிறகு இரண்டாவது ஷெல், கிட்ட. ஓட்டுக்கூரை சிலிர்த்தது. பந்தலுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் பங்கருக்கும் கோயிலடிக்கும் கிளம்பி ஓட, முற்றத்தில் பூமணி மட்டும் பெட்டிக்குள், சாம்பிராணிப் புகைக்குள், மூக்கில் பஞ்சோடு தனியே. மலர் தாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று பெட்டியின் காலைப் பிடித்துக்கொண்டாள். கேதீஸ்வரன்தான் அவளை இழுத்துக்கொண்டுபோய்க் குசினிக்குள் தள்ளிவிட்டு, கொள்ளிக்குடத்தை எடுத்து ஓரமாய் வைக்கவென்று வெளியே போனான். குடம் உடைந்துவிடக் கூடாதாம். குலவீரசிங்கமும் குசினிக்குள்தான் போனார். வீரத்தால் அல்ல. கருணாகரன் ஒன்றும் விடாமல் எடுக்கச் சொல்லி ஆள் விட்டுச் சொல்லியிருந்தான், பற்றரியில் சார்ஜ் இருந்தது, கை சிவப்புப் பொத்தானை விட மறந்துவிட்டது, அவ்வளவுதான். குசினி யன்னல் கம்பிக்கு ஊடாக ஒழுங்கை தெரிந்தது. கவச வாகனம் கிடுகு வேலியை வேலி என்று கூட மதிக்காமல் ஏறி வந்தது. ஆமி இரண்டு பக்கமும் நடந்து வந்தது. கொள்ளிக்குடத்தோடு நின்றவனையும், பாடை கட்டிக்கொண்டு நின்றவர்களையும், பறை அடிக்க வந்து ஓட முடியாமல் போன இரண்டு பேரையும் மிச்ச வேலியோரம் வரிசையாய் நிற்பாட்டினார்கள். எல்லாரும் தலை குனிந்து. அவருடைய கமரா என்ன செய்யும்? அதற்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது. இடக்கைப் பக்கத்தில் தொடங்கி, முகம் முகமாய். முதலில் வந்த ஆக்கள் என்று பிடித்தது ஆமியைத்தான், துவக்கு, தொப்பி, முகம், மூச்சு விடுகிற அளவு நேரம், அடுத்தது. அதிகாரி மாதிரி ஒருவன், கழுத்தில் மச்சம். பிறகு வரிசை. குனிந்த தலை, குனிந்த தலை, குனிந்த தலை. யன்னலுக்குக் கிட்ட நின்ற கேதீஸ்வரனிடம் வந்தபோது அவர் மெல்ல, வாய்க்குள், எத்தனையோ வருசமாய்ச் சொல்லிச் சொல்லிப் பழுத்துப்போன அந்தக் குரலில் சொன்னார்: இஞ்சாலை ஒருக்கால் பாருங்கோ.

அவன் பார்த்தான். கலியாண வீட்டில் பார்ப்பதுபோல் பார்த்தான். யன்னலை, கம்பியை, கமராக் கண்ணாடியை. முழு முகம். நெற்றியில் பூசிய திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்தில் நிற்பது வரைக்கும் படத்தில் இருக்கிறது. தலையை நிமிர்த்தினதுக்குத் துவக்குப் பிடியால் பக்கத்தில் நின்ற ஆமிக்காரன் அடித்த அடியும் இருக்கிறது. அந்தச் சத்தமும் இருக்கிறது. அதற்கு முன்னால், மிகக் கிட்ட, மிகத் தெளிவாய், குலவீரசிங்கத்தின் குரலும் இருக்கிறது. அதை அழித்துவிட அவர் கடையில் எத்தனை தரம் டெக்குக்கு முன்னால் இருந்தார். அழித்தால் அந்த மச்சக்காரன் போடுகிற கட்டளைகளும் அழியும். அதனால் விட்டேன் என்று தனக்குச் சொன்னார், அது உண்மைதான், உண்மை என்பதாலேயே குத்தியது. ஏனடா பார்த்தாய்? நான் சொன்னால் நீ ஏன் பார்த்தாய்? செத்தவீட்டுக்கு வந்த வீடியோக்காரன் சொன்னால் ஆமிக்கு முன்னால் நிற்கிறபோதும் பார்க்கிறதா? என்ன சனமடா நாங்கள். செத்தாலும் முகம் வடிவாய் விழவேண்டும். டும். டும். உள்ளே உலக்கை. அவர் எண்ணவில்லை, எண்ணப் பயந்தார், அடுத்த டும் அரைத் தாளம் பிந்தி வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். மலர் பேப்பரின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டிருந்தாள், பேப்பர் சரிந்து உளுந்து ஒரு பக்கமாய் உருண்டது.

சத்தம் அறுந்தது. கொட்டில் வாசல் சாக்கை விலக்கிக்கொண்டு ஒருவன் வெளியே வந்தான், ஒரு கையில் கசெட், மறு கையில் தேத்தண்ணீர்க் கோப்பை. மீசை அரும்பாதவன்தான்.

"யார் படம் எடுத்தது?"

குலவீரசிங்கம் எழும்பினார். "நான்தான் சேர்."

அவன் அவரை மேலும் கீழும் பார்த்தான். கசெட்டால் தன் தொடையில் தட்டினான். "நல்லா இல்லை," என்றான். "அழுகை, அழுகை, எல்லாம் அழுகை. எல்லா மனுசரும் ஒரே மாதிரி. பார்க்க ஏலாது." கோப்பையில் மிச்சத்தை வேப்பமரத்தடியில் ஊற்றினான். "கல்யாணம் எடு ஐயா. பாட்டுப் போடு." கசெட்டை எறிந்தான். அவர் இரண்டு கையாலும் ஏந்தினார். மலரின் பாஸை வாங்கி, வாயால் ஊதி ஊதிச் சீலைக் குத்தினான், குத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். சேவல் முன்னால் போனது.

தப்பியது. தப்பிவிட்டது. அப்படியென்றால் இந்த நெஞ்சு ஏன் இப்படி எரிகிறது? அலுத்துப்போய்விட்டது அவனுக்கு. எங்கட சாவைப் பார்த்து அலுத்துப்போய்விட்டது. இன்னும் நாலு உலக்கை பொறுத்திருந்தால் தன் ஆக்களின் முகத்தையே கண்டிருப்பான், பொறுக்க ஏலவில்லை, அவ்வளவு அலுப்பு. அந்த அலுப்பை நம்பித்தானே ஒரே மச்சாளை இரண்டு தரம் விழப்பண்ணினேன். நினைத்தது நடந்தது என்று சந்தோசப்பட வேண்டிய நான் அவன் கழுத்தைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டுபோய் இருடா, கடைசி வரைக்கும் இருந்து பாரடா என்று கத்தவேண்டும்போல் நிற்கிறேன். பார்க்க ஏலாதாம். எடுத்தவன் கண் மூடாமல் எடுத்தான், நிமிர்ந்தவன் அடி வாங்கிக்கொண்டு நிமிர்ந்தான், இவனுக்குக் கதிரையில் இருந்து பார்க்க ஏலாதாம், பாட்டு வேண்டுமாம். கனடாவில் மட்டும் என்ன, அங்கேயும் கதிரைதான், அங்கேயும் கையில் கோப்பைதான், அழுகையை ஓட்டிவிட்டு ஆர் வந்தது என்று பார்க்கிற ஆட்கள்தான். ஓட்டுகிற விரல் எங்கே நிற்கும்? நிற்கவேண்டிய இடத்தில் நிற்குமா? நின்றால் அந்த இடத்தில் முதலில் கேட்கப்போவது என்ர குரல்.

வேலிக்கு அந்தப் பக்கம் பஸ் இன்னும் வரவில்லை. மலர் கசெட்டைத் துவாயில் சுற்றிப் பைக்குள், பழைய சேலைக்கு அடியில் வைத்தாள். அவர் நின்றுகொண்டே சொன்னார், அவளைப் பார்க்காமல், வேப்பங்கொட்டைகளைப் பார்த்துக்கொண்டு. "பிள்ளை, ஒண்டு சொல்லவேணும். அங்கை போட்டுப் பாக்கேக்கை உனக்குத் தெரியவரும். அதுக்கு முன்னம் நான் சொல்லவேணும். அவன் நிமிர்ந்தது..."

"நீங்கள் கூப்பிட்டபடியால்," என்றாள் மலர்.

அவர் வேப்பங்கொட்டைகளை விட்டு அவளைப் பார்த்தார்.

"நானும் அந்தக் குசினிக்குள்ளதானே அண்ணை இருந்தனான். உங்கட காலடியிலை. எனக்குக் காது கேக்காதே?"

"ஒருநாளும் நீ..."

"என்னத்தைச் சொல்ல. அவரின்ர முகம் வேணும் எண்டும் இருக்கு, உங்களைக் கொல்லவேணும் எண்டும் இருக்கு. ரெண்டையும் சேத்துத்தான் கட்டிக்கொண்டு போறன்." குரல் உயரவில்லை. "மன்னிச்சுப்போட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு வீட்டை போகாதேங்கோ. அது அவர் வந்து செய்யவேண்டிய வேலை. அவர் வரட்டும்."

"ஓம் பிள்ளை."

"ஆரும் கேட்டா, கூப்பிட்டது நான்தான் எண்டு நீங்கள் சொல்லவேணும். பேந்து குரல் என்னுடையதில்லை எண்டு ஒளிக்கக் கூடாது."

"ஒளிக்கமாட்டன்."

அவள் தலையை ஆட்டினாள். சேலையை முழங்காலுக்குள் ஒதுக்கிக்கொண்டு மறுபடியும் நிலத்தில் இருந்தாள், பேப்பரை நேராக்கினாள், ஒரு பக்கமாய் உருண்டிருந்த உளுந்தை விரலால் பரப்பினாள். குலவீரசிங்கமும் எதிரே குந்தினார். வெயில் மரத்தைச் சுற்றி வந்து அவர் முதுகில் ஏறியது. கண் மங்கல்தான், என்றாலும் வெள்ளைக் கற்கள் தெரிந்தன. அவர் ஒன்றை எடுத்து மணலில் போட்டார். அவள் ஒன்றை எடுத்துப் போட்டாள்.